பத்து ரூபாய்ப் பேனாவைக் கையால் சோதித்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலூர் லாங் பஜாரில் எழுதுபொருள் விற்கும் கடைகளுக்குள் நுழைந்தால், ஒரே நிறத்தில், எழுத்தும் கோடும் அதிகமில்லாமல் மெலிந்து நிற்கும் பேனாக்கள்தாம் இப்போது முதலில் கண்ணில் படுகின்றன. கறுப்பு உடல், கறுப்பு மூடி, ஓர் ஓரத்தில் சிறிய எழுத்தில் பெயர், அவ்வளவுதான். விலை பெரும்பாலும் ஐந்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் இடையில் அடங்கிவிடும். பார்ப்பதற்கு அழகாக இருப்பதால் பிள்ளைகள் அவற்றைக் கைநிறைய வாங்கிச் செல்கிறார்கள். ஆனால் மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டாவது மணி நேரம் தொடங்கும்போது விரலை உதறிக்கொண்டே எழுதுகிறார்கள்.

நான் தமிழாசிரியர். பகலில் விடைத்தாள் திருத்துவதும், மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தருவதுமாக நாள் முழுவதும் என் கையில் பேனா இருக்கிறது. "எந்தப் பேனா வாங்கட்டும் சார்?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்பதுண்டு. ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் ஒருவர் கைக்குப் பொருந்தும் பேனா இன்னொருவர் கையில் வலிக்கிறது என்பதைப் பலமுறை கண்ட பிறகு, பெயரைச் சொல்லாமல் சோதிக்கும் முறையைச் சொல்லித் தருவதே சரி என்று முடிவு செய்தேன். அந்த முறையைத்தான் இங்கே, இதுவரை பேனாவைப் பற்றி யோசித்தே பார்த்திராதவருக்கும் புரியும்படி எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எளிய வடிவம் என்றால் பாகங்களைக் குறைப்பது என்று பொருள். ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் அது செய்துவந்த வேலை இல்லாமல் போய்விடாது. யாராவது அந்த வேலையைச் செய்தாக வேண்டும். நல்ல பேனாவில் உடலின் வடிவமே அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். மோசமான பேனாவில் அது உங்கள் விரலின் தலையில் வந்து விழும். ரப்பர் கிரிப்பை எடுத்துவிட்டு உடலை வழுவழுப்பாக விட்டுவிட்டால், வழுக்காமல் பிடிக்கும் பொறுப்பு விரலுக்கு, விரல் இறுக்கிப் பிடிக்கும், வலிக்கும். கீழே சொல்லப்போகும் சோதனைகள் எல்லாம், நீக்கப்பட்ட பாகத்தின் வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட பேனாவுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு, 1950-இல் பிரான்சில் மார்செல் பிக் விற்பனைக்குக் கொண்டுவந்த பிக் கிரிஸ்டல். அதில் தனியாகக் கிரிப் கிடையாது. ஆனால் பென்சிலைப் போல உடலுக்கு ஆறு பட்டைகள் உண்டு. அந்தப் பட்டைகள் விரலுக்குப் பிடிமானம் தருவதோடு, சாய்ந்த மேசையில் பேனா உருண்டு விழாமலும் தடுக்கின்றன. உடல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருப்பதால் மை எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரிந்துவிடும். உடலில் இருக்கும் ஊசித்துளை உள்ளிருக்கும் காற்றழுத்தத்தை வெளியழுத்தத்துக்குச் சமமாக வைக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தப் பேனாவைத் தன் தொகுப்பில் வைத்திருக்கிறது. விலை குறைந்த பொருள் என்பதால் அதன் வடிவத்தில் அக்கறை குறையவேண்டியதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

தேவையானவை

மூன்று வெவ்வேறு பேனாக்கள், ஒரு சாண் நூல், ஓர் அளவுகோல், ஒரு பத்து ரூபாய் நாணயம், கொஞ்சம் தண்ணீர், நீங்கள் அன்றாடம் எழுதும் அதே நோட்டு. நோட்டு முக்கியம். கடையில் தரும் துண்டுத்தாளில் நன்றாக ஓடிய பேனா, நம் நோட்டின் சொரசொரப்பான தாளில் திக்கித் திக்கி ஓடுவது உண்டு. ஆகவே கடைக்குப் போகும்போதே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எழுதாமல் பிடித்துப் பாருங்கள்

பேனாவை வழக்கம்போல் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படும் இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். பெரும்பாலானோருக்கு இது முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் அளவில் இருக்கும். இனி அந்த இடத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள். மூடி வந்து உட்காரும் படிக்கட்டு அங்கே வருகிறதா? முன்பகுதியைத் திருகிக் கழற்றும் இணைப்பு அங்கே இருக்கிறதா? பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும்போது இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு நீளவாக்கில் ஓடும். நகத்தின் நுனியால் குறுக்கே தடவினால் அது தட்டுப்படும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் நாற்பது நிமிடம் எழுதிய பிறகு ஆள்காட்டி விரலின் ஓரத்தில் சிவந்த கீறல் ஒன்று தெரிந்தால், காரணம் பெரும்பாலும் அந்தக் கோடுதான். கடையில் ஒரு நொடியில் முடிகிற சோதனை இது.

அடுத்து பருமன். நூலைப் பேனாவின் மேல் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் வந்தால் பேனாவின் விட்டம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். 31 வந்தால் ஏறத்தாழ 10. எளிய வடிவப் பேனாக்கள் பல, மெலிவுதான் அழகு என்ற எண்ணத்தில் பென்சில் பருமனுக்கு இறங்கிவிடுகின்றன. சிறிய கைக்கு அது பொருந்தும். வளர்ந்தவர் கைக்கு, அதுவும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் கைக்கு, மெலிந்த குழலைச் சுற்றி விரல்கள் அதிகம் வளைய வேண்டியிருக்கும். வளைந்த விரல் இறுக்காமல் இருக்காது. நெடுநேரம் எழுதுகிறவர்களுக்கு 9 மில்லிமீட்டருக்குக் குறையாத பேனாவையே நான் பரிந்துரைக்கிறேன். கடைவீதியில் கணக்குக் குறிக்கவும் கையெழுத்துப் போடவும் மட்டும் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

இரண்டாம் படி: ஈரக் கையால் பிடித்துப் பாருங்கள்

வேலூரில் இருக்கிறவர்கள் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தாலும் உள்ளங்கை ஈரமாகவே இருக்கும். குளிரூட்டிய கடையில் கச்சிதமாகத் தோன்றிய பேனா, தேர்வறையில் மீன்குஞ்சு போல நழுவும்.

இரண்டு விரல்களையும் தண்ணீரில் தொட்டு, லேசாக உதறிவிட்டு, பேனாவைப் பிடித்து ஐந்து வரி எழுதுங்கள். விரல் மெல்ல மெல்ல முனையை நோக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால், அந்த உடலில் பிடிமானம் இல்லை. பளபளப்பான உருண்டைக் குழல்தான் இந்தச் சோதனையில் முதலில் தோற்கும். பட்டை பிடித்த உடலும், நெருக்கமாக வரி ஓடும் உடலும், மங்கலான மேற்பரப்பு கொண்ட உடலும் தாக்குப்பிடிக்கும். இப்போது பரவலாகக் கிடைக்கும் லிங்க் பென்டோனிக் போன்ற கறுத்த, மங்கலான உடல் கொண்ட பேனாக்களுக்கு இந்த வகையில் ஒரு நன்மை இருக்கிறது. ஆனால் மங்கல் என்பதை மட்டும் நம்பி வாங்கிவிட வேண்டாம். சில பேனாக்களில் அந்த மங்கலான மேற்பரப்பு விரல் படும் இடத்தில் மட்டும் சில வாரங்களில் தேய்ந்து பளபளப்பாகிவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. தொட்டால் வெல்வெட் போல மெத்தென்று இருக்கும் மென்பூச்சு பூசிய பேனாக்கள் அவை. ஒரு கோடைக்காலத்தில் அப்படி ஒரு பெட்டி பேனாக்களை ஆசையாக வாங்கி, ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எடுத்துப் பார்த்தால், பூச்சு முழுவதும் பலாப்பழப் பால் போலப் பிசுபிசுத்து, விரலில் ஒட்டி, தாளிலும் ஒட்டியது. வெப்பமும் காற்றின் ஈரமும் நாளடைவில் அத்தகைய பூச்சின் தன்மையைக் கெடுத்துவிடும். அன்றிலிருந்து பூச்சுப் பூசிய பேனாவை நான் வாங்குவதில்லை. பிளாஸ்டிக்கிலேயே வரியோ பட்டையோ வார்த்திருப்பதைத்தான் தேடுகிறேன்.

மூன்றாம் படி: எடையும் சமநிலையும்

பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏறத்தாழ 7.7 கிராம். அதை ஓர் உள்ளங்கையிலும் பேனாவை மறு உள்ளங்கையிலும் வைத்துப் பாருங்கள். இந்த விலைப் பேனாக்கள் பெரும்பாலும் அந்த நாணயத்தை ஒட்டிய எடையில்தான் இருக்கும். ஆகையால் எடை அதிகம் என்பது இங்கே அரிதாகத்தான் சிக்கலாகும். எடை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பேனாவை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காகக் கிடத்தி, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு மூடியைப் பின்புறம் மாட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். சமநிலைப் புள்ளி வெகுவாகப் பின்னால் நகர்ந்துவிட்டால், எழுதும்போது பேனாவின் வால் கீழே இழுக்கும். முனையைத் தாளில் நிறுத்த விரல்கள் கூடுதலாக அழுத்தும். அப்படிப்பட்ட பேனாவை மூடி மாட்டாமல் எழுதிப் பழகலாம். ஆனால் மூடியை மேசையில் வைத்தால் காணாமல் போகும் என்பது வகுப்பறையில் வாழ்ந்த எல்லோருக்கும் தெரியும்.

நான்காம் படி: முனையும் மையும்

நான் அதிக நேரம் செலவிடும் படி இது, நீங்களும் அவசரப்படாதீர்கள்.

பேனாவின் மேல் 0.5, 0.7, 1.0 என்று அச்சிட்டிருப்பது முனையில் சுழலும் சிறு உலோகக் குண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. தாளில் விழும் கோட்டின் அகலம் அதைவிடக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் குண்டு முழுவதும் தாளில் படுவதில்லை. பால் பேனா என்று நாம் சொல்லும் பந்துமுனைப் பேனாவில் இருப்பது எண்ணெய்த் தன்மையுள்ள கெட்டியான மை. ஜெல் பேனாவில் இருப்பது நீரை அடிப்படையாகக் கொண்ட மை. எண்ணெய் மை சீக்கிரம் காயும், தண்ணீர் பட்டால் எளிதில் கலையாது, ஆனால் கொஞ்சம் அழுத்தம் கேட்கும். ஜெல் மை தொட்டவுடன் ஓடும், விரலுக்குச் சுகம், ஆனால் காய நேரம் எடுக்கும். இடக்கையால் எழுதுகிறவர்கள் வரி மேலேயே கையை இழுத்துச் செல்ல நேரிட்டால் எழுத்து ஈஷிக்கொள்ளும்.

முனையைச் சோதிக்கப் பலரும் வட்டம் வட்டமாகக் கிறுக்கிப் பார்க்கிறார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும் குண்டு எந்தப் பேனாவிலும் ஒழுங்காகத்தான் ஓடும். நாம் எழுதுவது தமிழ். நம் எழுத்து சுழிகளும் வளைவுகளும் நிறைந்தது. சட்டென்று திசை மாறுவது. போதாக்குறைக்கு மெய்யெழுத்துதோறும் தலையில் ஒரு புள்ளி. ஆகவே என் மாணவர்களுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்:

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினான்.

இந்த வரியில் பத்துப் புள்ளிகள் இருக்கின்றன. வழக்கமான வேகத்தில், அழுத்தாமல், இதை மூன்று முறை எழுதுங்கள். பிறகு புள்ளிகளை எண்ணுங்கள். முப்பதும் விழுந்திருக்க வேண்டும். புள்ளி வைக்கும்போது குண்டு உருள்வதற்கு இடமே இருப்பதில்லை; தொட்டவுடன் மை இறங்கினால்தான் புள்ளி விழும். மூன்று நான்கு புள்ளிகள் வெறும் பள்ளமாக மட்டும் தெரிந்தால், அந்தப் பேனாவில் எழுதுகிறவர் தம்மை அறியாமலே ஒவ்வொரு புள்ளிக்கும் அழுத்தத் தொடங்குவார். ஒரு பக்கத்தில் எத்தனை புள்ளிகள் வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் அந்த அழுத்தத்தின் கூலி புரியும்.

அடுத்து ஞா, ழ, ண, ணீ, இ, ஊ ஆகிய எழுத்துகளின் வளைவுகளை உற்றுப் பாருங்கள். குண்டைச் சுற்றியுள்ள விளிம்பில் சேரும் மிகையான மை, திசை மாறும் இடத்தில்தான் தாளில் இறங்கும். ண-வின் சுழியில் கறுத்த சிறு திட்டுகள் நிற்கின்றனவா? விரலால் தேய்த்தால் இழுகுகின்றனவா? ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. வரிக்கு ஐந்தாறு இருந்தால் அந்த முனை நமக்கு வேண்டாம். வெயில் காலத்தில் எண்ணெய் மை இளகி ஓடும் என்பதால், ஜனவரியில் இரண்டு திட்டு காட்டிய பேனா மே மாதத்தில் பத்து காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே வரியைப் பேனாவை நன்றாகச் சாய்த்துப் பிடித்தும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அளவுக்கு மீறிச் சாய்த்தால், குண்டைப் பிடித்திருக்கும் உலோக விளிம்பு தாளைத் தொட்டுச் சுரண்டும். சாய்த்து எழுதும் பழக்கமுள்ளவர்கள் எந்தச் சாய்வில் சுரண்டல் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் களைத்த கை இன்னும் சாயும்.

பட்டன் பேனாவாக இருந்தால் கூடுதலாக ஒன்று. முனையை நகத்தால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளுங்கள். முனை வெளியே வரும் துளை தளர்வாக இருந்தால் அது டொக் டொக்கென்று ஆடும். எழுதும்போது ஒவ்வொரு திசைமாற்றத்திலும் அந்த ஆட்டம் கையில் உறைக்கும். எழுத்தும் கொஞ்சம் கோணும். இந்த விலையில் ஆட்டமே இல்லாத பட்டன் பேனாவை எதிர்பார்க்க முடியாது. என் சொந்தக் கருத்து, பதினைந்து ரூபாய்க்குக் கீழே வாங்குவதென்றால் மூடி போட்ட பேனாவே மேல்.

ஐந்தாம் படி: மூடி, கிளிப், ரீஃபில்

இவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். மூடியின் உச்சியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் தவறி விழுங்கிவிட்டால் மூச்சுக்காற்று போவதற்காக வைப்பது அது, வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் கட்டாயம் வேண்டும். மூடியை மாட்டும்போது டக்கென்று ஓர் ஒலியோடு உட்கார வேண்டும். கிளிப்பைச் சட்டைப்பை துணியில் இருமுறை மாட்டி எடுங்கள். வெளுத்த கோடு அதன் அடியில் தெரிந்தால் ஒரு மாதத்தில் ஒடியும். கிளிப்பே இல்லாத பேனா அழகுதான், ஆனால் அது உருண்டையாகவும் இருந்தால் மேசையிலிருந்து முனை தரையில் படும்படி விழும், விழுந்த முனை பழையபடி எழுதுவது அரிது. ரீஃபில் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். ஜெல் ரீஃபிலாக இருந்தால் மைக்கு மேலே ஒளி ஊடுருவும் களிம்பு கொஞ்சமேனும் நிற்கிறதா என்று பாருங்கள். மை பின்பக்கம் வழியாமலும் உலராமலும் காப்பது அதுதான்.

ஆறாம் படி: ஒரு முழுப் பக்கம்

இதுவரை தேறிய பேனாவை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். முடித்தவுடன் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் நடுவிரலின் ஓரம், அதாவது பேனா சாய்ந்திருந்த இடம். பள்ளம் விழுந்திருந்தால் பிடி இறுக்கமாக இருந்தது. அடுத்து கட்டைவிரலின் அடிச்சதை. அங்கே வலி இருந்தால் பேனா மெலிவு அல்லது வழுக்கல். கடைசியாகத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். எழுத்து மேடுதட்டித் தெரிந்தால் நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். அந்த மேடு முதல் வரியிலிருந்தே இருந்தால் அது உங்கள் பழக்கம். முதல் பத்து வரியில் இல்லாமல் பின்னர் தொடங்கியிருந்தால் அது பேனா உங்களிடம் வாங்கிக்கொண்ட உழைப்பு.

சத்துவாச்சாரியிலிருந்து வரும் மாணவி ஒருவர், எழுத்துத் தேர்வுக்கான பயிற்சியில் மூன்றாவது பக்கத்திலேயே கையை நீட்டி மடக்கத் தொடங்கிவிடுவார். அவர் எழுதிய தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தபோது, பன்னிரண்டாவது வரிக்குப் பிறகு முழுவதும் மேடு. பேனாவின் சுற்றளவு 24 மில்லிமீட்டர், வழுவழுப்பான உருண்டை. அதே மை, அதே 0.7 முனை, ஆனால் 31 மில்லிமீட்டர் சுற்றளவும் நெருக்கமான வரிகளும் கொண்ட இன்னொரு பேனாவைக் கொடுத்தேன். விலையில் இரண்டு ரூபாய்கூட வேறுபாடு இல்லை. அந்த வாரக் கடைசியில், "எட்டுப் பக்கம் போச்சு சார், கை வலிக்கவே இல்ல" என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் லேசாக மேடு இருந்தது.

கொள்குறி வகைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தப் படி அவ்வளவு தேவையில்லை. குரூப் 4 போன்ற தேர்வில் வட்டங்களைக் கறுப்பு மைப் பந்துமுனைப் பேனாவால் நிரப்ப வேண்டும். அதற்கு அழுத்தாமல் அடர்த்தியாக நிரப்பும் முனை போதும். காகிதத்தில் சிறு வட்டங்கள் இருபது வரைந்து நிரப்பிப் பாருங்கள்.

ஏழாம் படி: வெயிலில் ஒரு நாள்

தேர்ந்த பேனாவை ஒரு பகல் முழுவதும் வண்டிப் பெட்டியிலோ வெயில் படும் சன்னலோரத்திலோ வையுங்கள். அடியில் பழைய துணி ஒன்றை விரித்துவிடுங்கள். மாலையில் எடுத்து மூடியைத் திறந்து, உள்ளே மை கக்கியிருக்கிறதா, முனையைச் சுற்றி ஈரம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரியை எழுதுங்கள். வெள்ளைச் சட்டையின் பையில் பேனா குத்திக்கொண்டு வெயிலில் அலைகிறவர்களுக்கு இந்தச் சோதனையின் அருமை தெரியும்.

எட்டாம் படி: டஜனாக வாங்குவது

ஒரு பேனா எல்லாப் படிகளையும் தாண்டிவிட்டது என்பதால் அதே பெயருள்ள எல்லாப் பேனாக்களும் தாண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த விலையில் ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்றுக்கொன்று முனை வேறுபடும். லாங் பஜாரில் நான் வழக்கமாக வாங்கும் கடையில், பெட்டியைக் கேட்டவுடன் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு ரஃப் நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளுவார். "எழுதிப் பாத்தே எடுங்க சார், கையில புடிச்சாதான் தெரியும்" என்பார். பன்னிரண்டு பேனாவையும் திறந்து, ஒவ்வொன்றாலும் அதே வரியை எழுதி, புள்ளிகளை எண்ணி, குறைகிற பேனாவைத் தனியே வைத்துவிட்டு அதற்குப் பதிலாக வேறொன்றைக் கேட்பேன். அவர் முகம் சுளித்ததே இல்லை. அந்த நோட்டில் இப்போது என் கையெழுத்தில் அண்ணன் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் வரி மட்டும் நான்கைந்து பக்கங்களுக்கு இருக்கிறது.